ஹம்டியின் மூக்கு சுத்தமாகவில்லை

1

இந்தக் கதை எனக்குள் தானாக ஊறி வந்தது இல்லை. மேலதிகாரி எழுதச் சொன்னார், எழுத உட்கார்ந்தேன். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டால், பிற்பாடு நீங்கள் இதில் கலை, தரிசனம் என்று எதையாவது தேடிக் களைத்துப்போக மாட்டீர்கள்.

லொம்பொக் தீவின் மாத்தாராம் நகரத்தில் குழந்தைகளின் மூக்கையும் தொண்டையையும் ஆராயும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் கண்டுபிடிப்பதைத் தாய்மார்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும். தாய்மார்களுக்குப் புரிந்ததா என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை. டாக்டர்களுக்குப் பிடித்தால் அச்சுக்குப் போய்விடும்.

ஒரு நாள் காலையில் டாக்டர் லாலு விராஜயா கூப்பிட்டார்.

"ஹல்வதி, வெளிநாட்டுல இருந்து பார்வையிட வர்றாங்க. கையில குடுக்கற பிரசுரத்துல போட ஒரு கதை வேணும். உண்மைக் கதை."

"என்ன மாதிரி டாக்டர்?"

"ஒரு அம்மா. ஒரு குழந்தை. தடுப்பூசி போடறோம். மூக்குல இருந்த கிருமி ஓடிப்போகுது. அம்மா சிரிக்கறா. அவ்வளவுதான்."

"உண்மைக் கதைன்னு சொன்னீங்களே?"

"ஆமா. அதான் சொல்றேன், அந்த அம்மாவைப் போய்க் கண்டுபிடி."

முடிவு முன்பணம் போலக் கையில் கிடைத்துவிட்டது. நடுவில் கொஞ்சம் வாழ்க்கையை நிரப்பினால் போதும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'கிழக்கு லொம்பொக்கின் கடலோரத்தில் பொழுது புலர்ந்தபோது, இனாக் செல்மி தன் மகன் ஹம்டியை மடியில் கிடத்தி, கண்களில் நம்பிக்கை மின்ன—'

[நிறுத்திவிட்டேன். பொழுது புலர்ந்தபோது அவள், ஹம்டியின் சட்டையைக் கொடியிலிருந்து இழுத்து மென்றுகொண்டிருந்த அடுத்த வீட்டு ஆட்டை, அதன் மூதாதையர் வரை திட்டிக்கொண்டிருந்தாள். அந்த வசவில் பாதியை இங்கே அச்சிட முடியாது. மீதிப் பாதியை ஆடே தாங்கவில்லை.]

இரண்டாம் முயற்சி:

'நிமோகாக்கஸ் என்பது மேல்மூச்சுப் பாதையில் குடியேறும் தன்மையுடைய—'

[இதை நானே படிக்கமாட்டேன்.]

மூன்றாவது. கதை உண்மையில் தொடங்கும் இடம் இதுதான். பிரசுரத்தில் இது இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன இடமும் இதுதான்.

இனாக் செல்மிக்கு ஹம்டி இரண்டாவது பிள்ளை. மூத்தவள் செல்மி. நடக்கப் பழகுவதற்கு முன்பே நுரையீரல் காய்ச்சலில் செத்துப்போனாள். அப்போது இந்தத் தடுப்பூசி எங்கள் தீவுக்கு வந்திருக்கவில்லை.*

* எங்கள் பக்கம் முதல் பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களின் சொந்தப் பெயர் பரணுக்குப் போய்விடும். செல்மியின் அம்மா இனாக் செல்மி, அப்பா அமாக் செல்மி. செல்மி போய், ஹம்டி பிறந்த பிறகு, அக்கம்பக்கத்தார் நல்லெண்ணத்தோடு 'இனாக் ஹம்டி' என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் திரும்பவே இல்லை. செவிடாகிவிட்டாளோ என்று சிலர் கவலைப்பட்டார்கள். பழையபடி 'இனாக் செல்மி' என்றதும், "என்ன?" என்றாளாம்.

"செத்த குழந்தை பேரைப் பிரசுரத்துல போடாதே, மனசு சங்கடப்படும்" என்றார் டாக்டர். யாருடைய மனசு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

3

மாதம் ஒரு நாள் ஊர் மண்டபத்தில் குழந்தைகளுக்கு எடை பார்ப்பார்கள். விட்டத்தில் தராசு தொங்கும். துணித்தூளியில் உட்காரவைத்ததும் ஒவ்வொன்றும் உயிர் போகிற மாதிரி கத்தும். கீழே இறக்கியதும் பச்சைப்பயறுக் கஞ்சியைக் கொடுத்தால் உயிர் திரும்பிவிடும். எங்கள் நர்ஸ் மர்னி அந்த நாளில்தான் மூக்கில் பஞ்சுக்குச்சி விடுவாள். குச்சி கம்பி மாதிரி வளையும். மூக்குத் துவாரம் வழியாகத் தொண்டையின் பின்சுவர் வரை போய், அங்கே குடியிருப்பவர்களில் நாலு பேரைப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஹம்டிக்கு முதல் குச்சி, தடுப்பூசிக்கு முன்பு. அவன் தலையை இனாக் செல்மி பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு இனாக் ஜும்ரா (ஆட்டுக்குச் சொந்தக்காரி) எட்டிப் பார்த்துக் கூவினாள்.

"ஏய் மர்னி, பாத்துடி! மூளைக்குள்ள போயிடப்போகுது!"

"உன் மவனுக்கு விட்டப்ப எவ்வளவு தூரம் போயும் மூளை தட்டுப்படல. நீ பயப்படாம உக்காரு" என்றாள் இனாக் செல்மி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மண்டபமே சிரித்தது. நான் குறித்துக்கொண்டேன்: பாத்திரம் சரியில்லை. பிரசுரத்துக்குத் தேவைப்பட்டது எளிய தாய், கொஞ்சம் தலை குனிந்த தாய். இவள் டாக்டரையே உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள். வேறு ஆள் தேடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆனால் மற்ற தாய்மார்கள் நான் கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். வெறும் 'ஆமாங்க'வை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் ஓட்ட முடியாது.

குச்சியின் முடிவு வந்தது. ஹம்டியின் மூக்கில் இருந்தது பொல்லாத ரகம். நுரையீரலுக்கும் இறங்கும், ரத்தத்துக்கும் போகும், மூளையுறைக்கும் ஏறும். தடுப்பூசிக்கு அடையாளம் தெரிந்த ரகம் அது.

"பிரமாதம்!" என்றார் டாக்டர் விராஜயா. "கதைக்கு வில்லன் கிடைச்சாச்சு."

ஹம்டிக்கு முதல் ஊசி போட்டார்கள். அடுத்த மாதம் இரண்டாவது. மூன்றாவது, ஒரு வயது நிறையும்போது. நடுவில் அவன் தவழ ஆரம்பித்ததும் மறுபடி பஞ்சுக்குச்சி.

4

"போயிடுச்சு! அந்த ரகம் இருந்த தடமே இல்ல" என்றார் டாக்டர்.

"அப்போ மூக்கு சுத்தமா டாக்டர்?"

"அந்த ரகம் இல்ல."

"வேற ரகம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர்கள் கண்ணாடி துடைத்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"வேற ஒண்ணு இருக்கு. ஊசிக்குத் தெரியாத ரகம். எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படித்தான் நடக்குது. ஒருத்தன் காலி பண்ணின இடத்துக்கு இன்னொருத்தன் வர்றான். வர்றவன் பெரும்பாலும் அவ்வளவு மோசமில்ல. உள்ள இறங்கி அட்டகாசம் பண்ற சுபாவம் கம்மி. அதனாலதான் மூக்குல கிருமி இருக்கற குழந்தைகளோட எண்ணிக்கை பெருசா குறையாட்டியும் நோய் குறையுது. புரியுதா?"

"புரியுது. இதை அப்படியே எழுதட்டுமா?"

"எதுக்கு? கதைக்கு அது தேவையில்ல."

'ஹம்டியின் மூக்கு சுத்தமானது' என்று எழுதினேன். அடித்தேன். 'ஹம்டியின் மூக்கு ஏறக்குறைய சுத்தமானது' என்று எழுதினேன். ஏறக்குறைய சுத்தமான மூக்கை நான் பார்த்ததில்லை, அதையும் அடித்தேன். 'ஹம்டியின் மூக்கில் குடித்தனக்காரர் மாறினார்' என்று எழுதியபோது கதை என்னைப் பார்த்துச் சிரித்தது.

வாசகரே, கிருமிக்குக் கதைநயம் தெரியாது. வில்லன் செத்ததும் திரை விழ வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வில்லன் போன மறுநாள், பேர் தெரியாத ஒருவன் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்து, அதே இடத்தில் விரித்துப் படுத்துக்கொள்கிறான். அவனுக்கு வசனம் கிடையாது. அவனை வைத்து என்ன எழுதுவது?

5

இனாக் செல்மியிடம் நானாகச் சொல்லவில்லை. அவள் கேட்டாள். பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு ஏதோ வந்துவிட்டது.

"பழைய கிருமி போயிடுச்சு. வேற கிருமி வந்திருக்கு. அது அவ்வளவு பொல்லாதது இல்லையாம்."

அவள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன்.

"அப்போ திருடனை விரட்டிட்டு, அவன் சித்தப்பன் மகனைக் குடிவெச்சிருக்கீங்க."

"அப்படியில்ல, இனாக்..."

"வேற எப்படி? 'அவன் ரொம்பத் திருடமாட்டான்'னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸ், மோட்டார் பைக்ல வந்து போக நீ ஒருத்தி. என் பிள்ளை தொடையில ரெண்டு தரம் குத்தினீங்களே, ராத்திரி பூரா அனத்தினானே, அது எதுக்கு?"

"நோய் வராம இருக்க."

"கிருமிதானே நோயைக் கொண்டாருது? கிருமி உள்ளதானே இருக்கு?"

சரியான கேள்வி. அலுவலகத்தில் இதற்கு ஒரு மணி நேரப் படக்காட்சி வைத்திருக்கிறோம். மிளகாய் வாசத்தில் அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

மூன்றாவது ஊசி வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அமாக் செல்மி அந்த வாரம் போனில் முகம் காட்டிப் பேசியபோது நானும் அங்கே இருந்தேன். எனக்கு வணக்கம் சொன்ன கையோடு தொடங்கினார்.

"ஏங்க, இன்னும் கிருமி இருக்குன்னா, அந்த ஊசி வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?"

"வேலை செஞ்சிருக்கு. ஆனா..."

"இந்த 'ஆனா'வைத்தான் எங்க கங்காணியும் சொல்வான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "செல்மி சமயத்துலயும் நான் இங்கதான் இருந்தேன். போன்லதான் பாத்தேன். சும்மா தூங்கற மாதிரி இருந்தா." மனைவியிடம் திரும்பினார். "நீ பாத்து முடிவு பண்ணுடி. நீ சொன்னா சரி."

இனாக் ஜும்ரா மற்றதைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த எடை நாளில் மண்டபத்துக்கு நான் போவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மர்னி பஞ்சுக்குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே காலி இடம்.

"வா வா, சித்தப்பன் மகன்" என்றாள் மர்னி என்னைப் பார்த்து. அது எனக்கு வைத்த பட்டப்பெயர். பாதி ஊருக்குத் தெரிந்திருந்தது.

6

இங்கே கதைக்கு ஒரு திருப்பம் தேவைப்படுவதால் குழந்தைக்கு நோயை வரவழைத்தேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். வேறு எங்கேயாவது படித்திருந்தால், மட்டமான உத்தி என்று ஓரத்தில் எழுதியும் இருப்பேன்.

ஆனால் வந்தது.

இனாக் செல்மியைச் சமாதானப்படுத்தப் போயிருந்தேன். மத்தியானம். ஹம்டிக்கு முந்தின நாளிலிருந்து சளி. வாசல் பாயில் படுத்திருந்தான். நான் குடித்தனக்காரர், திருடன், சித்தப்பன் மகன் என்று அவளுடைய உவமையையே வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேச்சில் அவள் என் முகத்தைவிட்டுப் பிள்ளையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் மூச்சு விடுகிற வேகம் சரியாக இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. மிளகாய்க்கும் ஆட்டுக்கும் டாக்டருக்கும் பேச்சு வைத்திருந்த பெண், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த மூச்சை அவள் முன்பே பார்த்தவள்.

"இனாக்! தூக்குங்க, வண்டியை எடுக்கறேன்!"

அவள் அசையவில்லை. அடுத்த வேலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏண்டி, மரம் மாதிரி உக்காந்திருக்க? தூக்குடி!" இனாக் ஜும்ராதான். வேலியைத் தாண்டி வந்து, பிள்ளையை அள்ளி, தாயின் மார்போடு துணியால் இறுக்கிக் கட்டி, இருவரையும் என் வண்டியின் பின்னால் ஏற்றினாள். "போ! இவ என் ஆட்டைத் திட்டுனது போதாது, வந்து மறுபடி திட்டட்டும்!"

வழி நெடுக என் முதுகில் அவள் விரல்கள் பதிந்திருந்தன. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிக்கொண்டே வந்தாள். ஹம்டி என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்தேன். வண்டி வேகம் குறைந்த ஒரு திருப்பத்தில் சரியாகக் கேட்டது. செல்மி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுகாதார நிலையத்தில் பிராணவாயு வைத்தார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். "நுரையீரல் பரவால்ல. வைரஸ் மாதிரி இருக்கு. ரெண்டு மூணு நாள் இங்கயே இருக்கட்டும்" என்றார் அங்கிருந்த சின்ன வயது டாக்டரம்மா. இருந்தார்கள். மூச்சின் வேகம் இறங்கியது. ஹம்டி குழாயைப் பிடுங்கி எறிய ஆரம்பித்தபோது பிழைத்துவிட்டான் என்று புரிந்தது.

மிளகாய்ச் சம்பலும் சோறும் கொண்டுபோனேன். இனாக் செல்மி பக்கத்துக் கட்டிலில் தன் பையை வைத்திருந்தாள். ஈரத்துணியையும் அந்தக் கட்டிலில்தான் உலர்த்தியிருந்தாள்.

"கட்டிலை எடுத்துக்கிட்டீங்க போல?"

"யாரும் இல்ல." சோற்றைப் பிசைந்தாள். "செல்மி வந்தப்ப இதே அறைதான். ஒரு கட்டில்ல ரெண்டு பிள்ளைங்க. செல்மிக்கு அதுவும் கிடைக்கல, சுவத்தோரமா பாயில. எல்லாப் பிள்ளைக்கும் அதே மூச்சு." கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இப்ப எங்க போனாங்க அந்தப் பிள்ளைங்கல்லாம்?"

[இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். நிலையத்தில் புதிதாகக் கட்டில்கள் வாங்கியிருக்கலாம். அது சளிக்காலம் உச்சத்தில் இல்லாத மாதமாக இருக்கலாம். ஒரு அறையைப் பார்த்து ஒரு தீவைப் பற்றி முடிவுகட்டக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் எழுத்தர் வரைக்கும் தெரியும். ஆனால் அவள் கேட்டபோது இதில் எதையும் நான் சொல்லவில்லை.]

7

"காப்பாத்திடுச்சு!" டாக்டர் விராஜயா மேஜையைத் தட்டினார். "ரெண்டு டோஸ் போட்டதால பிழைச்சான். எழுது!"

"அது வைரஸ்னு சொன்னாங்களே?"

"வைரஸ் வந்து வழி திறந்துவிட்டா, பின்னாடியே நம்ம பழைய ஆள் உள்ள இறங்குவான். அவன் இல்லாததால இறங்கல."

"அப்படித்தான் நடந்துச்சுன்னு நிச்சயமா?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"கணக்கு ஆயிரம் குழந்தைகளைப் பத்திச் சொல்லுது டாக்டர். ஹம்டியைப் பத்தி அதுக்குத் தெரியாது."

கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், கோபிக்கவில்லை. அந்தக் கட்டில் விஷயத்தையும் சொன்னேன்: ஈரத்துணி, பை, அவள் கேட்ட கேள்வி. இதைப் பிரசுரத்தில் போடலாமா என்றேன்.

"படிப்பு முடிச்சதும் முதல் வேலை எனக்கு அந்த மாதிரி ஒரு அறையிலதான்" என்றார். "பிள்ளைகளைத் தாண்டித் தாண்டித்தான் நடக்கணும்." பிறகு, "காலிக் கட்டிலை எப்படிப் படம் பிடிப்ப ஹல்வதி? அதுல யாரும் இல்லையே. நோய் வராத பிள்ளை எவன்னு அவங்கம்மாவுக்கே தெரியாது. யாரைக் கூப்பிட்டு சிரிக்கச் சொல்றது?"

இத்தனை நாள் இந்த மனிதரைக் கேலிச்சித்திரமாகவே எழுதிவந்தேன். இந்த ஒரு பத்தியில் அதைக் கெடுத்துவிட்டார். அவரை முதலிலிருந்து திருத்தி எழுத வேண்டும், எனக்குச் சோம்பல். அப்படியே விட்டுவிடுகிறேன்.

நல்லவேளை, உடனே பழைய ஆளாகி, "வேற சிரிக்கிற அம்மா பாரு" என்றார். பார்த்தோம். பிரசுரம் பளபளவென்று வந்தது. அட்டையில் ஒரு தாய் சிரிக்கிறாள். மூக்கிலிருந்து கிருமிகள் கையில் பெட்டியோடு ஓடுகின்றன, ஒன்று அழுகிறது. வந்தவர்கள் பாராட்டினார்கள். ஓடுகிற கிருமிகளுக்கு எதிர்த் திசையில் இன்னொன்று பாயோடு வருகிறதே, அதை ஏன் வரையவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

8

ஹம்டிக்கு ஒரு வயது ஆனது. மூன்றாவது ஊசி. உங்களுக்காக இரண்டு முடிவுகள் தயாரித்தேன்.

ஒன்று: இனாக் செல்மி கண்ணீரோடு ஓடிவந்து, "என் கண்ணைத் திறந்துட்ட ஹல்வதி!" என்கிறாள். [எந்த வீட்டிலும் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.]

இரண்டு: அவள் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஹம்டி— [எழுதமாட்டேன். நடக்கவும் இல்லை.]

நடந்தது: எடை நாளில் அவள் வந்தாள். வரிசையில் நின்றாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த இனாக் ஜும்ரா திரும்பினாள்.

"என்னடி, சித்தப்பன் மகனைப் பாக்க வந்தியா?"

"அவன் இருந்துட்டுப் போறான். அவன் அண்ணன்காரன் திரும்பி வந்துடக் கூடாது. உன் மவனுக்கு மூணாவது போட்டாச்சா?"

"நீ வேணாம்னதாலதான நானும் போடல!"

"ஆடு மாதிரி பின்னாடியே வருவியா? கூட்டியா, போ."

இனாக் ஜும்ரா முணுமுணுத்துக்கொண்டே மகனைக் கூட்டிவரப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். மர்னி ஊசி போட்டாள். ஹம்டி மண்டபம் இடிகிற மாதிரி கத்தினான்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடித்தும் விட்டேன், தாளை எடுத்து வைத்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடினேன். அவள் என் பின்னால் வந்து நின்றாள். மகனைத் தோளில் தட்டிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"ஹல்வதி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மத்தவங்க ஏதாவது சொல்லி மழுப்புவாங்க."

"கேளுங்க, இனாக்."

"இந்த ஊசி அப்பவே வந்திருந்தா, செல்மி இருந்திருப்பாளா?"

செல்மியின் மூக்கில் யாரும் குச்சி விட்டுப் பார்க்கவில்லை. அங்கே இருந்தது எந்த ரகம், ஊசிக்குத் தெரிந்ததா தெரியாததா, கிருமிதானா வேறு ஏதாவதா, எதுவும் யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் தெரியாது.

'இருந்திருப்பாள்' என்று சொல்லலாம். அப்போது, கொஞ்ச காலம் தாமதமாக ஊசியைக் கொண்டுவந்த ஒரு கப்பலால் மகள் செத்தாள் என்ற கணக்கை அவள் ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டும்.

'இருந்திருக்கமாட்டாள்' என்று சொல்லலாம். ஆறுதல்தான். ஆனால் அவள் தோளில் ஒருவன் இப்போதுதான் குத்து வாங்கி அழுதுகொண்டிருக்கிறான். அது எதற்கு என்று மறுபடி கேட்பாள்.

'தெரியாது' என்று சொல்லலாம். அதுதான் உண்மை. செல்மி போனதிலிருந்து எல்லோரும் அவளுக்குக் கொடுத்துவந்ததும் அதுதான்.

அன்றைக்கு நான் ஏதோ ஒன்றைச் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதுதான் விடை என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். நான் சற்று விலகி நிற்கிறேன், இந்த இடத்துக்கு வாருங்கள். அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சீக்கிரம் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுவதற்குள் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.